நாலாவது புகைபோக்கி

மாடி அறைக்குள் நுழைந்ததும் முத்து முகம்மது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"அண்ணே, இவ்வளவு கப்பல் போர்ட் ஸ்வெட்டன்ஹாம்லயே கிடையாது."

சபாபதி சுற்றிலும் பார்த்தார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடைவரிசையின் மேல்மாடி அது. ஜன்னலுக்கு வெளியே ரயில்வே யார்டு. உள்ளே, நீல வண்ணம் அடித்த பெரிய மேசையே கடல். அதன்மேல் சாண் நீளத்துக்கு மரக்கப்பல்கள். சுவரோரம் கண்ணாடி அலமாரி, அதிலும் கப்பல்கள். மிச்சச் சுவர் முழுக்கப் படக்கொட்டகை நோட்டீஸ்கள். எல்லாமே கடற்போர்ப் படங்கள். மூழ்கும் கப்பல், எரியும் கப்பல், பீரங்கிப் புகைக்கு நடுவே தொப்பி வைத்த கேப்டன்.

இந்த அறைக்குச் சொந்தக்காரர் வேலாயுதம். ரயில்வே சரக்கு ஆபீசில் பெரிய கிராணி, அதாவது தலைமை குமாஸ்தா. ஞாயிறுதோறும் நாலைந்து நண்பர்கள் இங்கே கூடுவார்கள். நடந்து முடிந்த கடற்போர்களை மேசைமேல் மறுபடி நடத்துவார்கள். யார் எங்கே தவறு செய்தான் என்று சண்டை போடுவார்கள். போர்ப் படம் வந்தால் முதல் ஆட்டத்துக்கே போய்விட்டு வந்து, படம் எடுத்தவன் எங்கே தவறு செய்தான் என்று அதற்கும் சண்டை போடுவார்கள்.

போன ஞாயிறு கூட்டம் இல்லை. அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போய்விட்டு வந்த மகள் இராஜம்மா, அப்பா இந்தத் தரையில் மண்டை உடைந்து கிடந்ததைத்தான் பார்த்தாள். உயிர் இருந்தது. பேச்சுப் போய்விட்டது. பக்கத்தில் ஒரு ஸ்டூல் கவிழ்ந்து கிடந்தது. அலமாரியின் மேல்தட்டை எட்டப்போய் விழுந்திருக்கிறார் என்று போலீஸ் முடிவு கட்டிவிட்டது.

"எங்கப்பாவுக்கு முழங்கால் மடங்காது. விளக்கு ஏத்தணும்னாக்கூட என்னைத்தான் ஸ்டூல்ல ஏறச் சொல்வார்." நேற்று சபாபதியின் ஆபீசுக்கு வந்து அவள் சொன்னது இவ்வளவுதான். அழவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள் போல நிதானமாகச் சொன்னாள். அவள் நிஜமாகவே பள்ளி ஆசிரியை.

சபாபதி பல வருஷம் கோர்ட்டில் துபாஷியாக இருந்தவர். மற்றவர்களின் பொய்யை இலக்கணச் சுத்தமாக மொழிபெயர்த்து அலுத்துப்போய் வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்தார். முத்து முகம்மது அவருடைய உதவியாள், கார் டிரைவர், சில நாள் சமையல்காரன். மூன்றிலும் அவன் வாய்தான் அதிகம் வேலை செய்தது.

இன்று அறையைத் திறந்துவிட்டவன் ராதாகிருஷ்ணன். இராஜம்மாவுக்கு நிச்சயம் செய்த மாப்பிள்ளை. முன்பு தெலுக் ஆன்சன் பக்கம் தோட்டத்தில் கிராணியாக இருந்தவன். இப்போது கோலாலம்பூரில் ரப்பர் கம்பெனி ஒன்றில் வேலை. வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, தணிந்த குரல்.

"வர்ற வெள்ளிக்கிழமை கல்யாணம், சார். தள்ளிப் போடலாம்னு சிலர் சொல்றாங்க. மாமா இருக்கிற நிலைமையில, அவர் கண்ணு முன்னாலயே தாலி கட்டிட்டா நல்லதுன்னு எனக்குத் தோணுது."

"பொண்ணு என்ன சொல்லுது?"

"அது எங்க சார் யோசிக்கிற நிலைமையில இருக்கு? ராத்திரி பகலா ஆஸ்பத்திரிதான்."

சபாபதி அலமாரி முன் நின்றார். ஒவ்வொரு கப்பலின் அடியிலும் சின்னச் சீட்டில் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. யார்மத் என்று ஒரு ஆங்கிலேயக் கப்பல். அதன் பின்பக்கத்தில் பொட்டு அளவுக்கு வண்ணமில்லாத வெறும் மரம் தெரிந்தது. வண்ணம் பூச மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டார்.

ராதாகிருஷ்ணன் தொண்டையைச் செருமினான். "சார், ஒரு விஷயம். போலீஸ்கிட்ட சொல்லல. ஒரு மனுஷனைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி ஆயிடுமேன்னு."

பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தான். உள்ளே கறுப்பு வண்ணம் பூசிய சின்ன மரத்துண்டு. சுண்டுவிரல் நுனி அளவு.

"அன்னிக்கு நான் வந்து சேர்றப்ப அக்கம்பக்கத்து ஆளுங்க அவரைத் தூக்கிட்டு இருந்தாங்க. நானும் கை கொடுத்தேன். மாமாவோட வலது கை இறுக்கி மூடியிருந்துச்சு. பிரிச்சுப் பார்த்தா இது."

"என்ன இது?"

"எம்டன் கப்பலோட புகைபோக்கி, சார்."

"எம்டனா?" என்றான் முத்து. "எங்க நாகூர்ல அடங்காத பிள்ளைக்கு அதான் பேரு. எனக்கே கொஞ்ச நாள் இருந்துச்சு."

ராதாகிருஷ்ணன் சிரிக்கவில்லை. "யுத்தத்தப்போ பினாங்கு துறைமுகத்துக்குள்ள புகுந்து ரஷ்யக் கப்பலை மூழ்கடிச்சுச்சே, அந்த ஜெர்மன் கப்பல். அதுக்கு மூணு புகைபோக்கிதான். வெள்ளைக்காரன் கப்பல் மாதிரி தெரியணும்னு நாலாவதா ஒரு கள்ளப் புகைபோக்கியை வெச்சுக்கிட்டு வந்துச்சு. படத்தில பார்த்திருப்பீங்க. நாலு மாலுமி அந்த மரப் புகைபோக்கியைத் தூக்கிட்டு வந்து நிறுத்துவாங்க. மாமாவும் அதே மாதிரி ஒண்ணு செஞ்சு வெச்சிருந்தார்."

சபாபதி மேசையைப் பார்த்தார். அங்கே நின்ற எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள்.

"அப்ப இது நாலாவது."

"கள்ளப் புகைபோக்கி. அடிபட்ட மனுஷன் எதுக்கு அதைப் போய் எடுக்கணும்? யாரோ ஒரு கள்ள ஆளைக் காட்டத்தானே?" குரலை இன்னும் தணித்தான். "கிள்ளான்ல ஜெயராஜ்னு ஒருத்தர். தையல்காரர். வாராவாரம் வருவார். யுத்தத்தில நேவியில இருந்தேன், குண்டு என் காதைத் தாண்டிப் போச்சுன்னு கதை கதையாச் சொல்வார். எல்லாம் பொய், சார். மாமா அதைக் கண்டுபிடிச்சிருக்கணும்."

சபாபதி மரத்துண்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கார் ராட்டினம் போலக் குலுங்கிக்கொண்டே கிள்ளான் சாலையில் போயிற்று. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள். மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது, ஆனால் வரவில்லை.

"எனக்கு ஒண்ணு புரியல, அண்ணே. மாமனார் கையில கிடைச்சதை இத்தனை நாளாப் பையிலேயே வெச்சிருந்திருக்காரு மாப்பிள்ளை. அவ்வளவு இரக்கமா தையல்காரர் மேல?"

"அந்தப் பொண்ணு என்கிட்ட வந்ததுக்கு அப்புறம்தான் இரக்கம் தீர்ந்துபோச்சு போல."

"அப்ப நீங்க நம்பலையா?"

"நம்பாம இருக்கக் காரணம் கிடைக்கல. அதான் எரிச்சலா இருக்கு."

பத்து தீகா என்ற ஊரின் ரயில் கேட்டில் வண்டி நின்றது. சரக்கு ரயில் ஒன்று முடிவே இல்லாமல் கடந்து போயிற்று. சபாபதி மரத்துண்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அடிப்பக்கம் பிசிறு பிசிறாக இருந்தது. எதையோ கேட்க வந்தவர் போல வாயைத் திறந்தார். கேட் திறந்துவிட்டது.

ஜெயராஜின் கடை கிள்ளான் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. துறைமுகப் படகுக்காரர்களுக்கு யூனிபாரம் தைக்கிற கடை. சுவரில் ஒரு போட்டோ: வெள்ளைக் கடற்படை உடுப்பில், கையைக் கட்டிக்கொண்டு, இளவயது ஜெயராஜ். கீழே மெஷினுக்குப் பின்னால், கழுத்தில் அளவு நாடாவோடு, வயதான ஜெயராஜ். கண்கள் வீங்கியிருந்தன.

"வேலாயுதம் சாரோட சிநேகிதர்கள்" என்று சபாபதி தங்களை அறிமுகப்படுத்தினார். "நீங்க எம்டனை நேர்ல பார்த்தவராமே. எப்படி இருந்துச்சு?"

ஜெயராஜ் ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு பழக்கம் அவரை இழுத்துக்கொண்டு போயிற்று.

"விடியக்காலை. பனி. நான் டெக்குல நிக்கிறேன். தூரத்தில ஒரு கப்பல் நிழல் மாதிரி வருது. பக்கத்தில இருந்த ஆபீசர் சுருட்டு பத்த வைக்கிறாரு. குச்சி அணையறதுக்குள்ள முதல் குண்டு. தொப்பி பறந்து தண்ணியில விழுது. அதை எடுக்கக் குனிஞ்சாரு பாருங்க, அதனாலதான் பிழைச்சாரு."

"அப்புறம் அவர் அந்தத் தொப்பியைப் பொண்டாட்டிக்கு அனுப்பி வைப்பாரு. அந்தம்மா அழும்" என்றான் முத்து.

ஜெயராஜ் நிமிர்ந்து பார்த்தார்.

"நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன், அண்ணே. ரெண்டு தடவை. சோடா வாங்கப் போனதால தொப்பி பறக்கிறதை மட்டும் ஒரு தடவை விட்டுட்டேன்."

மெஷின் சக்கரத்தை ஜெயராஜ் கையால் சும்மா சுற்றினார். ஊசி துணியில்லாமல் ஏறி இறங்கியது.

"நான் பினாங்குல தையற்கடையில எடுபிடியா இருந்தேன். சத்தம் கேட்டுக் கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டேன். அதுதான் நான் பார்த்த யுத்தம். அந்த போட்டோவில இருக்கிற உடுப்பு வேற ஒருத்தருக்குத் தைச்சது. கொடுக்கிறதுக்கு முன்னால ஒரு நாள் போட்டுப் பார்த்தேன்." சுவரைப் பார்க்காமலே சொன்னார். "இப்ப என்ன செய்யணும்? போலீசுக்கு வரணுமா?"

"வேலாயுதத்துக்கு இது தெரியுமா?"

"முதல் மாசமே தெரியும். வெளியில கூட்டிட்டுப் போய், 'ஜெயராஜ், நான் படிச்சதை நீ பார்த்த மாதிரி சொல்ற, எனக்குப் பிடிச்சிருக்கு, சொல்லு. ஆனா தேதியை மாத்தாதே'ன்னார். அவ்வளவுதான். அவருக்கு வேற யாரு இருந்தா, எனக்கு வேற யாரு இருந்தா?"

சபாபதி அந்த மரத்துண்டை மெஷின்மேல் வைத்தார். "இது அவர் கைக்குள்ள இருந்ததாம். எம்டனோட கள்ளப் புகைபோக்கி. உங்களைக் காட்டத்தான் எடுத்தாருன்னு சொல்றாங்க."

ஜெயராஜ் அதைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"இது எம்டனோடது இல்லையே."

"எப்படிச் சொல்றீங்க?"

"கள்ளப் புகைபோக்கி மரமில்ல, சார். நிஜக் கப்பல்லயே அது கித்தான் துணி. படத்துல மரத்தில காட்டினதுக்காக வேலாயுதம் சார் கொட்டகையை விட்டு வர்ற வழி பூரா திட்டிக்கிட்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும், 'நீ துணியில தைச்சுக் கொடு'ன்னு கேட்டார். நான்தான் தைச்சேன்."

மெஷின் இழுப்பறையைத் திறந்தார். பொத்தான்களுக்கு நடுவிலிருந்து கறுப்புத் துணிக் குழல் ஒன்றை எடுத்து வைத்தார். மெல்லிய கம்பி வைத்துத் தைத்திருந்தது. ஓரத்தில் எலி கடித்த தடம். பாதி வரை புதுத் தையல்.

"எலி கடிச்சுடுச்சுன்னு சனிக்கிழமை கொடுத்தனுப்பினார். இன்னும் முடிக்கல. கை ஓடல."

சந்தில் மாட்டுவண்டி ஒன்று போயிற்று.

"அப்ப இந்த மரத்துண்டு?" என்றான் முத்து.

"இந்த அளவு, இந்த வளைவு... யார்மத்தோடதா இருக்கும். எம்டன் வேஷம் போட்டது அந்தக் கப்பல் மாதிரிதான். அதுக்கு நிஜமாவே நாலு."

சபாபதிக்கு அலமாரியில் பார்த்த வெறும் மரப் பொட்டு கண்முன் வந்தது. அது வண்ணம் பூச மறந்த இடமில்லை. ஒடித்த இடம்.

"துபாஷி புத்தி" என்று முனகினார். "சொன்னதை அப்படியே வாங்கிப் பையில போட்டுக்கிட்டேன்."

"அண்ணே, இவரே துணியை ஒளிச்சு வெச்சுட்டு மரத்தை வெச்சிருக்கலாம்ல?" என்று முத்து மெதுவாகக் கேட்டான்.

"வெச்சு? தன்னைத்தானே காட்டிக்கொடுக்கவா? இதை வெச்ச ஆளுக்கு ஜெயராஜ் பொய்யருங்கிறது தெரியும். புகைபோக்கி துணிங்கிறது தெரியாது. படம் பார்த்திருக்கான், அந்த அறையில உட்கார்ந்து கேட்டதில்ல." ஜெயராஜிடம் திரும்பினார். "உங்களுக்கு வேற ஏதோ தெரியும். சொல்லுங்க."

ஜெயராஜ் நாடாவின் முனையை விரலில் சுற்றிக்கொண்டார்.

"ரெண்டு வாரம் முன்னால கேட்டார், 'ஜெயராஜ், பொய் சொல்ற ஆளைக் கண்டுபிடிக்கிறது எப்படி? உனக்குத்தான் தெரியும்'னு. மாப்பிள்ளை விஷயமா. தெலுக் ஆன்சன் பேச்சு வந்தாலே ராதாகிருஷ்ணன் வேற பேச்சுக்குத் தாவுறான்னு அவருக்கு ஒரு உறுத்தல். எனக்கு அங்க தெரிஞ்ச படகுக்காரன் இருக்கான். விசாரிக்கச் சொன்னேன். ஞாயித்துக்கிழமை காலையில வந்து சொன்னான். அங்க அவனுக்கு மாரியாயின்னு பொண்டாட்டி இருக்கு, சார். ஒரு பெண் குழந்தையும். வேலை கிடைச்சதும் கூப்பிட்டுக்கிறேன்னு சொல்லிட்டு வந்திருக்கான். நான் நேரா பிரிக்பீல்ட்ஸுக்குப் போய் வேலாயுதம் சார்கிட்ட சொன்னேன். 'பொண்ணுக்கு இப்ப தெரிய வேணாம். முதல்ல அவனை வரச் சொல்லி, அவன் வாயாலயே கேட்கிறேன்'னார்."

"இதை நீங்க ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரு நம்புவாங்க?" ஜெயராஜ் போட்டோவைக் காட்டினார். "கடைசியா அவரைப் பார்த்தவன் நான். இப்படிப்பட்ட ஒரு ஆள் சொல்ற சாட்சி. ஸ்டூல்ல இருந்து விழுந்தார்னு போலீஸ் சொன்னப்ப, விழுந்துதான் இருப்பார்னு நானும் நினைச்சுக்கிட்டேன். நினைக்க முடிஞ்சுச்சு, ராத்திரியைத் தவிர."

சபாபதி எழுந்தார். "இப்ப ஆஸ்பத்திரியில அவர் பக்கத்தில யாரு?"

முத்து ஏற்கெனவே வாசலைத் தாண்டியிருந்தான்.

திரும்பி வருகிற வழியில் அவன் ஒரு வேடிக்கையும் சொல்லவில்லை. பின்சீட்டில் ஜெயராஜ் கழுத்து நாடாவைக் கழற்ற மறந்து உட்கார்ந்திருந்தார்.

ஆஸ்பத்திரி வார்டில் வேலாயுதம் தலைக்கட்டோடு படுத்திருந்தார். கண் திறந்திருந்தது. விழுந்த மறுநாளே திறந்துவிட்டதாம். ஒரு பக்கம் இராஜம்மா. மறுபக்கம் ராதாகிருஷ்ணன், கஞ்சிக் கிண்ணத்தோடு. வேலாயுதத்தின் கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"இவரைப் பார்த்தா மட்டும் அப்பாவுக்குக் கண்ணீர் வந்துடுது" என்றாள் இராஜம்மா.

"சந்தோஷம்" என்றான் ராதாகிருஷ்ணன். அதற்குள் வாசலில் நின்ற ஜெயராஜைப் பார்த்துவிட்டான். "சார், இந்த ஆளை எதுக்கு இங்க?"

சபாபதி இராஜம்மா பக்கம் திரும்பினார். "அம்மா, அன்னைக்கு அப்பா கீழே கிடந்ததை முதல்ல பார்த்தது நீங்கதானே?"

"ஆமா, அண்ணே."

"அவர் கை எப்படி இருந்துச்சு?"

"கையா?" அவள் யோசித்தாள். "விரிஞ்சு கிடந்துச்சு. வலது கையை நான் பிடிச்சுக்கிட்டேன். மாடியில இருந்து இறக்குறப்பவும் விடல. ரிக்ஷாவில, இங்க கட்டில்ல போடுற வரைக்கும் நான்தான் பிடிச்சிருந்தேன். ஏன்?"

சபாபதி மரத்துண்டையும் துணிக் குழலையும் கட்டில் விரிப்பின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இதில எது அப்பாவோட கள்ளப் புகைபோக்கி?"

"இது." அவள் துணியைத் தொட்டாள். "ஜெயராஜ் மாமா தைச்சது. அந்த மரம் ஏதோ கப்பல்ல இருந்து ஒடிஞ்சிருக்கு."

"அப்பா வலது கைக்குள்ள இருந்துச்சுன்னு இவர் இன்னிக்கு என்கிட்ட கொடுத்தது அந்த மரம்."

இராஜம்மா கட்டிலின் மறுபக்கம் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அந்தக் கை என்கிட்ட இருந்துச்சு" என்றாள்.

"பதட்டத்தில உனக்கு ஞாபகம் இருக்காது, இராஜம்மா."

"நான் மறக்க மாட்டேன். எனக்கு ஞாபகம் இருக்கிறது அது ஒண்ணுதான்."

ராதாகிருஷ்ணன் கிண்ணத்தைக் கீழே வைத்தான். கதவைப் பார்த்தான். அங்கே முத்து முகம்மது நின்றிருந்தான், தொப்பியைத் தலையில் சரியாக வைத்துக்கொண்டு.

"தெலுக் ஆன்சன்ல மாரியாயின்னு ஒருத்தங்க இருக்காங்க" என்றார் சபாபதி. "வேலாயுதம் சார் அன்னைக்கு உங்களைக் கூப்பிட்டு அவங்களைப் பத்தித்தான் கேட்டார். இல்லையா?"

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

"தள்ளத்தான் செஞ்சேன்" என்றான் ராதாகிருஷ்ணன். அதே தணிந்த குரல். "கல்யாணம் கிடையாது, வெளியே போன்னார். சட்டையைப் பிடிச்சார். தள்ளினேன். அலமாரி முனையில அடிபட்டார். ஸ்டூலை மட்டும் நான் கவுத்துப் போட்டேன்."

"அப்புறம் தினமும் வந்து கஞ்சி ஊத்தினீங்க" என்றான் முத்து. அதில் வேடிக்கை எதுவும் இல்லை.

இராஜம்மா முந்தானையால் அப்பாவின் கண்ணோரத்தைத் துடைத்தாள், காது வரைக்கும். மறுபடி ஈரமாகிறதா என்று குனிந்து பார்த்தாள்.

போலீஸ் வந்து ராதாகிருஷ்ணனைக் கூட்டிக்கொண்டு போயிற்று. நடந்ததை இன்ஸ்பெக்டரிடம் சொல்லும் முறை வந்தபோது ஜெயராஜ் திக்கித் திக்கிப் பேசினார். எங்கேயும் கதையாக வரவில்லை. படகுக்காரன் சொன்னது இது, நான் சொன்னது இது, நேரம் சரியாக ஞாபகமில்லை என்றார். இன்ஸ்பெக்டர் அவரை நம்பினாரா இல்லையா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. இராஜம்மாவின் வாக்குமூலம் இருந்ததால் அது பெரிய விஷயமாகவும் இல்லை.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உயிருக்கு பயமில்லை என்றார். பேச்சு வருமா என்று கேட்டதற்குக் கையை விரித்தார்.

சபாபதி விடைபெற வந்தபோது அவள் வார்டு வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். இப்போதுதான் மழை பிடித்திருந்தது.

"கோயில்ல சொல்லணும். சமையலுக்கு ஆள் சொன்னதை நிறுத்தணும்" என்றாள். "அப்பாவோட கண்ணீர் எனக்குப் புரியலையே, அண்ணே. இத்தனை நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்."

"அவர் எதுக்காக அழறாருன்னு பக்கத்தில இருந்த ஆள் தப்பா சொல்லிக் கொடுத்துட்டே இருந்தான்மா. எனக்கும் ஒண்ணு சொல்லிக் கொடுத்தான். நானும் கிள்ளான் வரைக்கும் நம்பிட்டுத்தான் போனேன்."

அவள் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழத் தொடங்கப் போகிறாள் என்று முத்துவுக்குத் தோன்றியது. அவள் வேறு கேட்டாள்.

"அந்த மாரியாயி அக்கா. அவங்க இன்னும் அவர் கூப்பிடுவார்னு காத்துக்கிட்டு இருப்பாங்க இல்லையா?"

"இருப்பாங்க."

"யார் போய்ச் சொல்வாங்க?"

சபாபதி சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். போலீஸ் சொல்லும் என்று சொல்லலாம். எப்படிச் சொல்லும் என்று அவருக்குத் தெரியும். பல வருஷம் அதை மொழிபெயர்த்தவர் அவர்.

"தெலுக் ஆன்சனுக்கு ரயில் இருக்குல்ல?" என்றாள் இராஜம்மா. "அப்பாவை ரெண்டு நாள் ஜெயராஜ் மாமா பார்த்துக்கட்டும். நான் போறேன். ஒரு பொம்பளை சொல்லித்தான் அவங்களுக்குத் தெரியணும்."

முத்து கார்ச் சாவியைக் கையில் எடுத்துவிட்டு, சபாபதியின் முகத்தைப் பார்த்தான். அவர் தலையசைத்தார்.

"ரயில் வேணாம், அக்கா" என்றான். "நான் ஓட்டுறேன். வழி பூரா வாயைத் திறக்க மாட்டேன்."